உதயம் பிளாக்கில் யாருக்கும் அந்த நோய் இல்லை

எங்கள் டவுனில் ஒரு பொதுக் கழிப்பறையைத் திறக்க வேண்டுமென்றாலும் வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, சிறப்புரை, அப்புறம் வாழ்த்துரைக்கென்று ஏழெட்டுப் பேர், கடைசியில் நன்றியுரை. அதற்குள் அவசரமாக வந்தவன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்திருப்பான். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பேச்சு நீள நீள எனக்குத்தான் வாடகை. மீனச்சிலாற்றின் இரண்டு கரையிலும் யார் எதைத் திறந்தாலும் மைக் செட் என்னுடையதுதான், தங்கச்சன் ஸவுண்ட்ஸ். மேடைக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது ஒரே ஒரு விழாவில்தான்.

என் கடைக்கு அடுத்த கதவு பௌலோஸ் அச்சாயனின் பொடி மில். பௌலோஸ் பெல்ட்டை மாட்டுவார், மோட்டாரை ஓட்டுவார். மற்றதெல்லாம் அவர் மனைவி சோசம்மா சேச்சி. மிளகாய்ப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "வெயில் காணலடீ, திருப்பிக் காயப் போட்டுக் கொண்டா" என்று பெரிய வீட்டுக்காரியைக்கூட திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த நாக்குக்கு ஒரு நாள் ருசி தெரியாமல் போனது. சாப்பிட்டது தங்கவில்லை. ஆளும் பாதியானாள். மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து மூடினார்கள்.

டாக்டர் பௌலோஸைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பௌலோஸ் வெளியே வந்தபோது சோசம்மா கட்டிலில் சாய்ந்தபடி, "என்னவாம் இச்சாயா?" என்று கேட்டாள்.

"அல்சர்."

"அல்சருக்கா இவ்வளவு அறுத்தாங்க?"

"பெரிய அல்சர். இனி ட்ரிப் போட்டா ஆறிடும்."

சோசம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "புண்ணியாளன் மேல ஆணையா?"

"புண்ணியாளன் மேல ஆணையா."

தெரு முக்கில் புண்ணியாளனின் குரிசடி இருக்கிறது, சிலுவை நட்ட சின்னக் கோயில். உள்ளே அந்தப் புனிதர் குதிரை மேல் ஈட்டியோடு நிற்பார். அன்றிலிருந்து பௌலோஸ் அந்த வழியாகப் போவதை விட்டார். வீட்டுக்குப் போக மீன் சந்தையைச் சுற்றிக்கொண்டு, நாற்றத்துக்குள் மூக்கைப் பிடித்தபடி போவார். ஏன் அச்சாயா இந்தச் சுற்று என்று ஒருதரம் கேட்டேன். "காலுக்கு நல்லது" என்றார். எனக்கு விஷயம் தெரியும். மீன் விற்பவனுக்கும் தெரியும். டவுனில் அது தெரியாத ஒரே ஆள் சோசம்மாதான்.

தெரியாமல் இருப்பதற்கு ஆஸ்பத்திரியும் நல்ல ஏற்பாடு செய்திருந்தது. முன்பு அந்தக் கட்டிடத்தின் வாசலில் நோயின் பேரை எழுதிய போர்டு இருந்தது. அதைப் பார்த்ததும் ஜனங்கள் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்கள். நிர்வாகக் கமிட்டி கூடி யோசித்து, போர்டை இறக்கி, 'உதயம் பிளாக்' என்று எழுதி ஒரு சூரியனையும் வரைந்தது. அது உதிக்கிறதா மறைகிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. மற்றபடி நல்ல படம்.

உதயம் பிளாக்கில் யாருக்கும் அந்த நோய் இல்லை. ஒருத்திக்கு அல்சர், ஒருத்திக்கு வாயு, ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவருக்குப் பழைய யுத்தத்தில் உள்ளே போன ஏதோ ஒரு தூசி. முடி கொட்டினால் மருந்துச் சூடு. அடுத்த கட்டில் மேரிக்குட்டிக்கு வாயு. சோசம்மா ஒரு நாள் பௌலோஸின் காதில் சொன்னாள்: "இச்சாயா, மேரிக்குட்டிக்கு அந்த நோய்தான். பாவம், அவகிட்ட யாரும் சொல்லல. பாத்தாலே தெரியுது. நீங்க வாய் தவறி உளறிடாதீங்க, தாங்கமாட்டா."

அதே நாள் மேரிக்குட்டி தன் புருஷனிடம் சோசம்மாவைப் பற்றி இதையே சொன்னாளாம். இரண்டு ஆண்களும் கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ட்ரிப் ஏறத் தொடங்கியதும் பௌலோஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் எப்படிப் பார்ப்பது, என்ன கொடுப்பது, எதைக் கண்டால் ஓடி வருவது? டாக்டரிடம் கேட்டார். வெளியே நீண்ட வரிசை. டாக்டர் சொன்னார், "எல்லாம் புத்தகத்துல இருக்கு. கல்விப் பிரிவுல வாங்கிக்கங்க." நர்சிடம் கேட்டார். "புத்தகத்துல விவரமா இருக்கு சேட்டா."

கல்விப் பிரிவு என்பது 'நோயாளி மற்றும் பராமரிப்பாளர் கல்விப் பிரிவு'. வெளிநாட்டு உதவியில் நடப்பது. இயக்குநர் குரியன் தரகன், கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அறை முழுக்க, கூரை வரைக்கும், அட்டைப் பெட்டிகள். நாற்காலிக்கு இன்னும் அனுமதி வராததால் வருகிறவர்கள் பெட்டி மேலேயே உட்கார வேண்டும். பௌலோஸும் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அங்கே நடந்ததை அவர் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"ஒரு புத்தகம் வேணும் சாரே."

"புத்தகம் ரெடி! என்னமா வந்திருக்கு தெரியுமா? வழவழன்னு கனமான பேப்பர், கலர் படம்."

"அப்போ ஒண்ணு குடுங்க."

"வெளியீடு ஆகலையே! மந்திரி தேதி தரணும். வெளியிடாத வரைக்கும் அது புத்தகம்னே கணக்கு கிடையாது."

"அப்போ நான் உக்காந்திருக்கறது?"

"அது பெட்டி."

பௌலோஸ் எழுந்து நின்று பெட்டியைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். "சாரே, அவளுக்கு வாயெல்லாம் வெந்து கிடக்கு. கஞ்சி கூட இறங்க மாட்டேங்குது. என்ன குடுக்கறது?"

"நாலாவது அத்தியாயம். அருமையான அத்தியாயம்."

"ஜுரம் கிரம் வந்தா?"

"ஆறாவது. அதுக்கு ஒரு தெர்மாமீட்டர் படம் இருக்கு பாருங்க, கொச்சியிலேர்ந்து ஆள வரவச்சுப் போட்டோம். பாதரசம் அப்படியே நிசமா ஏறற மாதிரி இருக்கும்."

"அதுல என்ன செய்யச் சொல்லியிருக்கு?"

தரகன் சிரித்தார். "அதை இப்பவே சொல்லிட்டா விழாவுல அப்புறம் என்ன இருக்கு, பௌலோஸே?"

மந்திரி தேதி தரவில்லை. பிறகு தந்தார், மாற்றினார். சட்டசபை, பெருமழை, இடைத்தேர்தல். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பௌலோஸ் கல்விப் பிரிவுக்குப் போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டு வருவார். இதைத் தரகனின் உதவியாளர் ஷீபா கவனித்தாள். ஒரு நாள் இருவரும் அவரை நிற்கவைத்துக் கை குலுக்கினார்கள்.

"உங்களை இந்த வருஷத்தோட முன்மாதிரிப் பராமரிப்பாளரா தேர்ந்தெடுத்திருக்கோம்!"

"என்னையா? நான் என்ன செஞ்சேன்?"

"இவ்வளவு தடவை யாரும் இங்க வந்ததில்ல சேட்டா," என்றாள் ஷீபா. "கத்துக்கணும்கிற ஆர்வம்! மந்திரி முதல் பிரதியை உங்க கையிலதான் குடுப்பாரு. சேச்சியையும் கூட்டிட்டு வரணும், முன்வரிசை. ரெண்டு பேருக்கும் பொன்னாடை."

முதல் பிரதி என்றதும் பௌலோஸின் கண் விரிந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "ஐயோ, அவ வேண்டாம். அவளுக்குத் தெரியாது. மேடையில யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிட்டா?"

தரகன் நெஞ்சில் கை வைத்தார். "கவலையே படாதீங்க. எங்க பிரிவுல அந்த வார்த்தையே கிடையாது. எதிர்மறைச் சொல். மூணு கூட்டம் போட்டு விவாதிச்சு, புத்தகத்துலேர்ந்தே எடுத்துட்டோம். அது வர்ற இடத்துலெல்லாம் 'அந்த நிலை'ன்னு போட்டிருக்கோம். நீங்க அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் படிச்சாலும் எதைப் பத்தின புத்தகம்னு கண்டுபிடிக்க முடியாது!"

பௌலோஸ் நிம்மதியாக வீட்டுக்குப் போனார், மீன் சந்தை வழியாக. சோசம்மாவிடம் அல்சர்காரர்களில் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்குப் பரிசு தருகிறார்கள் என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கஞ்சி குடிச்சதுக்குப் பொன்னாடையா? இந்த அரசாங்கம் உருப்படுமா?" ஆனால் மாசக்கணக்காக வீட்டுக்கும் ட்ரிப்புக்கும் மட்டுமே போய்வந்தவள். பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவைக்கு அடுத்த புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

விழா நாள் காலையில் அவள் உடம்பு கொதித்தது.

"மழையில நனைஞ்சது. விடுங்க," என்றாள் சோசம்மா. பௌலோஸ் ஒரு மாத்திரையும் சுக்குக் காப்பியும் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் என் கடைக்கு வந்து ஷீபாவுக்குப் போன் போட்டார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். போனில் ஷீபாவின் குரல் எனக்கே கேட்டது. "ஐயோ சேட்டா, மந்திரியோட நிகழ்ச்சி நிரல்ல உங்க பேரு போயாச்சே! ஹால்ல ஏசி இருக்கு, ஜுரத்துக்கு சுகமா இருக்கும்."

பௌலோஸ் போனை வைத்தார். "வராட்டி புத்தகம் தரமாட்டாங்க, தங்கச்சா. இன்னைக்கு மட்டும். புத்தகம் கையில வந்துட்டா அப்புறம் எல்லாம் ஒழுங்கா பாத்துக்கலாம்." என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

விழா ஆஸ்பத்திரி வளாகத்து ஹாலில். பேனரில் பெரிய சூரியன், 'உதயம்' என்ற எழுத்து, கீழே மந்திரி. வேறு ஒரு சொல்லும் இல்லை. முன்வரிசையில் உதயம் பிளாக் நோயாளிகள், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு. சோசம்மாவும் மேரிக்குட்டியும் பக்கத்துப் பக்கத்தில். பின்னால் உறவுக்காரர்கள். கூட்டம் வெளியிலும் நிற்குமென்று கேட்டில் இரண்டு ஹார்ன் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டியிருந்தேன். வெளியே ஒரு நாய் மட்டும் நின்று கேட்டது.

மந்திரி வரவில்லை. ஆனாலும் வாழ்த்துரைகளைத் தொடங்கிவிட்டார்கள், பேச வந்தவர்கள் பேசாமல் எப்படித் திரும்பிப் போவார்கள்? வார்டு கவுன்சிலர் பேனரைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "இன்று மின்கட்டணம் உயர்ந்துவரும் இவ்வேளையில், சூரிய சக்தியை நோக்கி மருத்துவமனை எடுத்துவைக்கும் இந்த முதல் அடி..." கால் மணி நேரம் சூரிய சக்தி. அடுத்து கூட்டுறவு வங்கித் தலைவர், அதிகாலையில் எழுவதன் நன்மைகள். நான் தரகனைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார். திருத்த வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டுமே.

தரகனின் முறை வந்தது. குரல் தழுதழுத்தது.

"எந்த ஒரு நோயாளியும், எந்த ஒரு பராமரிப்பாளரும், தகவல் இல்லாமல் தவிக்கக் கூடாது என்பதே எங்கள் லட்சியம். அந்த லட்சியத்துக்காக இந்தப் புத்தகத்தை மழைக்காலம் முழுவதும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தோம். எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். கெஞ்சினார்கள். பெருமையோடு சொல்கிறேன், ஒரு பிரதிகூட வெளியே போகவில்லை!"

பலத்த கைதட்டல். முன்வரிசையில் சோசம்மா கைதட்டவில்லை. கொடுக்காத பொன்னாடைக்குப் பதில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

மந்திரி வந்தார். குத்துவிளக்கில் ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர்கள். ரிப்பனை அவிழ்த்து, வழவழத்தாளைப் பிரித்து, முதல் பிரதியைப் பௌலோஸின் கையில் வைத்து, கேமரா திருப்தியாகும் வரை அவரும் இவரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேமரா விட்டதும் பௌலோஸ் மேடையின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மந்திரி பேச ஆரம்பித்தார்.

என் ஸ்டூலுக்கும் பௌலோஸின் நாற்காலிக்கும் கையெட்டும் தூரம். அவர் நேராக ஆறாவது அத்தியாயத்தைப் பிரித்ததைப் பார்த்தேன். தெர்மாமீட்டர் படம், உண்மையிலேயே நல்ல படம். அதன் கீழே எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தார். சிகிச்சைக் காலத்தில் வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாக நினைக்க வேண்டாம். மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவும்.

விரல் அங்கேயே நின்றது. பௌலோஸ் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார். சோசம்மாவின் தலை மேரிக்குட்டியின் தோளில் விழுந்திருந்தது. பல் கிட்டுவது இங்கிருந்தே தெரிந்தது.

எழுந்தார். தரகன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "மந்திரி பேசும்போது எந்திரிக்கப்படாது."

"சாரே, அவளுக்கு ஜுரம். இதுல போட்டிருக்கு..."

"படிச்சீங்களா? நல்லா வந்திருக்கில்ல? உக்காருங்க, இன்னும் நாலு பேருதான்."

உட்கார்ந்தார். ஐயோ, உட்கார்ந்தாரே அந்த மனுஷன்! பழக்கம். பிறகு மறுபடி எழுந்தார். இந்தத் தடவை வேட்டி தரகனின் கைக்கு எட்டவில்லை. மந்திரிக்கு முன்னால் போய் மைக்கைப் பிடித்தார்.

"என் பொஞ்சாதிக்கு ஜுரம்."

முன்மாதிரிப் பராமரிப்பாளர் ஏற்புரை சொல்கிறார் என்று ஹால் கைதட்டியது. ஷீபா இன்னொரு மைக்கில், "சேட்டா உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க," என்றாள்.

"ஜுரம் அடிக்குதுன்னு சொல்றேன்! யாராவது வாங்க!"

"அல்சர்காரிக்கு ஜுரம் வந்தா ஒரு மாத்திரை குடுங்க அச்சாயா," என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். சிரிப்பு. மேடையில் இருந்த பெரிய டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதில் ஒருவர் கண் டாக்டர், ஒருவர் நிர்வாகம்.

பௌலோஸ் சோசம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அல்சர் இல்ல," என்றார். "அவளுக்கு அல்சர் இல்ல. கேன்சர். கேன்சர்! கேன்சருக்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கற உடம்பு. ஜுரம் வந்தா செத்துடுவா. நான் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கேன். டாக்டர் யாராவது வாங்களேன், உங்க கால்ல விழறேன்!"

கேட்டில் கட்டிய இரண்டு ஹார்னும் அதை ரோட்டுக்குச் சொன்னது, முக்குக்குச் சொன்னது, குரிசடிக்கும் மீன் சந்தைக்கும் சொன்னது. மைக்கை அணைக்கும்படி தரகன் என்னைப் பார்த்துக் கழுத்தில் கையை இழுத்துக் காட்டினார். துணிச்சலில் அணைக்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு கையில் பழம்பொரி, வாழைப்பழ பஜ்ஜி, மறு கையில் அதன் எண்ணெய். அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

முன்வரிசையில் மேரிக்குட்டி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அப்போ எனக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். இந்தப் பக்கம் பட்டாளத்துக்காரர் மகனைப் பார்த்தார். "எலே, அப்போ எனக்கு?" அதற்கடுத்த கட்டில்காரி தன் அண்ணனைப் பார்த்தாள். அப்படியே வரிசை முழுக்கத் தலைத்துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்திருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்ன டாக்டர் பெண் ஓடி வந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "எப்பலேர்ந்து?" "காலையிலேர்ந்து." "காலையிலேர்ந்தா!" ஸ்ட்ரெச்சர் வர வழியில்லை. மந்திரியின் கார் கேஷுவால்டி வாசலை அடைத்து நின்றது, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். மேடையிலிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியைத் தூக்கி வந்து அவளை அதில் வைத்து நான்கு பேர் சுமந்தோம். பௌலோஸ் பக்கத்தில் ஓடி வந்தார், புத்தகம் கக்கத்தில் இருந்தது. சோசம்மா அவரைப் பார்க்கவில்லை.

பிழைத்துவிட்டாள். அதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் தாமதித்திருந்தால் வேறு கதை என்று அந்த டாக்டர் பெண் சொன்னாள். கல்விப் பிரிவு தன் அறிக்கையில், எதிர்பார்த்ததைவிட அதிக விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டதாகவும், குழப்பத்துக்குக் காரணமான ஆறாவது அத்தியாயத்தை அடுத்த பதிப்பில் நீக்கப் பரிந்துரைப்பதாகவும், அதுவரை மீதிப் பிரதிகளைப் பெட்டியிலேயே வைத்திருக்க முடிவெடுத்ததாகவும் எழுதியது. தரகன் எனக்கு வாடகை தரவில்லை.

அவளை வார்டுக்கு மாற்றியதும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பௌலோஸ் கட்டிலின் கால்மாட்டில், ஸ்டூலின் நுனியில், ஆஸ்பத்திரிக்கு வந்த அந்நியன்போல உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேரிக்குட்டி அடுத்த கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோசம்மா அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

நான் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் பேசினாள்.

"புண்ணியாளன் மேல ஆணை வச்சீங்களே."

பௌலோஸ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "நீ பயந்துடுவேன்னு..."

"நானா பயந்தேன்? நீங்க பயந்தீங்க. உங்க பயத்துக்கு நான் பொய்யில கிடந்தேன். இந்த மேரிக்குட்டிய பாத்துப் பரிதாபப்பட்டுக்கிட்டு கிடந்தேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். "ஊரு முழுக்க மைக்கு வச்சு சொன்னீங்க. மீன்காரன் வந்து பாத்துட்டுப் போறான். எனக்கு மட்டும், வீட்டுல, பக்கத்துல உக்காந்து, மெதுவா சொல்ல வாய் வரலையா இச்சாயா?"

அவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நானும்தானே அத்தனை நாள் அடுத்த கதவில் நின்று "அல்சர் எப்படி இருக்கு சேச்சி" என்று கேட்டேன்.

"அந்தப் புத்தகம் எங்க?"

ஸ்டூலுக்கடியில் இருந்ததை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. "என்னால கண்ணு கூட்ட முடியல. நீங்க படிங்க. முதல் பக்கத்துலேர்ந்து. அதுல அந்தப் பேரே இல்லையாம், நர்ஸ் சொன்னா. 'அந்த நிலை'ன்னு வர்ற இடத்துலெல்லாம் அதோட பேரைச் சொல்லிப் படிங்க."

பௌலோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். முதல் வரியிலேயே அது இருந்தது. நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது.

அடுத்த கட்டிலில் மேரிக்குட்டி சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"கேக்கல," என்றாள் சோசம்மா. "அவளுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."